புளித்தண்ணீரில் ஒரு ஓட்டைக் காலணா

உங்கள் மேசையில் முதல் நாளே மூன்று எனாமல் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். இடப்பக்கக் கிண்ணம் சாதாக் காசுக்கு. வலப்பக்கம் நல்ல காசுக்கு, அதாவது ஏலப் புத்தகத்தில் படம் போட்டு வரப்போகிற காசுக்கு. நடுக் கிண்ணம் தெரியாததற்கு. எனக்குத் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், காசை நடுவில் வைத்துவிட்டால் போதும். ஏன் தெரியவில்லை என்று, பழைய காசு ஏலம் விடுகிற இந்த ஆபீசில் யாரும் கேட்கக் கூடாது. அது முதலாளி வைத்த பழக்கம். அவரைப் போரோபாபு என்போம், பெரிய ஐயா என்று அர்த்தம்.

அந்த நடுக் கிண்ணத்தைப் பற்றித்தான், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுதப் போகிறேன். எனக்குப் பேச வராது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பித்துவிடுவேன். வேலையிலிருந்து என்னை வழியனுப்பிய அன்றும் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழ் இருக்கிறது, அதில் எழுதுகிறேன். உங்களோடு சேர்ந்திருக்கும் லேக் மார்க்கெட் பெண் காவேரி அதை வங்காளத்தில் படித்துச் சொல்லுவாள். எழுத்துப் பிழை இருந்தால் அவள் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நான் இங்கே காசு பார்க்க வரவில்லை. காசு போடுகிற காகித உறை ஒட்ட வந்தேன். கோவில்பட்டிப் பக்கம் எனக்கு ஊர். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை, கல்யாணம் ஆன கையோடு கல்கத்தா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே ஒரு காரியம் செய்தேன். ஒரு தட்டு நிறையக் கறுத்துப்போன செப்புக் காசுகள் கிடந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. யாரும் சொல்லவில்லை, நானாகவே மறுநாள் வீட்டிலிருந்து ஓர் உருண்டை புளி கொண்டுவந்து, வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு தேய்ப்பது போலத் தேய்த்தேன். பளபளவென்று வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

போரோபாபு வந்தார். பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“மாஷி, இது யார் பண்ணது?”

“நான்தான்.”

“நூறு வருஷத்துத் தோல் இருந்துச்சு இதுக்கு. உரிச்சிட்டீங்களே.”

சத்தம் போடவில்லை. நான் தேய்த்த காசு ஒன்று, தேய்க்காதது ஒன்று, இரண்டையும் என் இரண்டு கையிலும் வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். எது உரித்தது என்று கேட்டார். சொன்னேன். மாற்றி வைத்தார், சொன்னேன். வேறு தட்டிலிருந்து எதையெதையோ எடுத்து வைத்துக் கேட்டார், எது லேசு, எது கனம், எது வழவழப்பு, எல்லாம் சொன்னேன். அரை மணி நேரம் அப்படியே போயிற்று.

“நாளைலேருந்து புளியை வீட்டுல வச்சிட்டு வாங்க. கையை மட்டும் கொண்டு வாங்க” என்றார்.

அப்படித்தான் நான் காசு பார்க்க வந்தேன். எனக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை, பேச்சும் வேண்டியிருக்கவில்லை. காசைக் கையில் வாங்குவேன், கிண்ணத்தில் வைப்பேன். போரோபாபுவுக்குக் கண் மங்கிய பிறகு, எல்லார் மேசை நடுக் கிண்ணத்துக் காசுகளும் முதலில் என் மேசை நடுக் கிண்ணத்துக்கு வரும், நான் தீர்க்காதவைதான் அவரிடம் போகும் என்று ஆயிற்று. மற்றவர்கள் தெரியாது என்று வைத்ததை நான் எடுத்து இடமோ வலமோ வைப்பேன். அந்த நேரத்தில் அறையே என் கையைப் பார்க்கும். அதில் எனக்கு எவ்வளவு சுகம் இருந்தது என்று மௌசுமி வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மௌசுமி பல்கலைக்கழகத்தில் பழைய காசுகளைப் பற்றியே படித்துவிட்டு வந்த பெண். என் மகளை விடச் சின்னவள். வந்த முதல் நாளே வாசல்காரர் முதல் கணக்கர் வரை எல்லாரும் அவளை மௌசுமி-தி என்றார்கள். தி என்றால் அக்கா. நான் இருபது வருஷமாக மாஷி. மாஷி என்றால் சித்தி, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஊரில் பாத்திரம் தேய்க்க வருகிறவர்களையும் மாஷி என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபது வயதுப் போரோபாபுகூட என்னை மாஷி என்பார். பதிவேட்டில் இருக்கிற பேச்சியம்மாள் என்ற பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

அவளுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி, எனக்கு முக்காலி. சாய்மானம் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான், குனிந்து பார்க்க முக்காலிதான் வசதி. இருந்தாலும் அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும். போரோபாபு சிங்காடா, நம்ம ஊர் சமோசா, வாங்கினால் முதலாவது அவளுக்குப் போவதாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் எல்லாருக்கும் ஒன்றுதான் வந்திருக்கும். அவள் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தாள். “மாஷி, சாப்டாச்சா?” என்று எங்கோ கற்றுக்கொண்டு வந்து தமிழில் கேட்பாள். அதுவும் எரியும். நான் ஏதாவது காசைத் தடவிப் பார்த்துச் சொன்னால் உடனே நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொள்வாள். என் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி எடுத்துக்கொண்டு போகிறாள் என்று எனக்குப் பட்டது.

ஒரு தடவை நடுக் கிண்ணத்திலிருந்து நான் பொறுக்கியெடுத்த ஒரு வெள்ளிக் காசு ஏலப் புத்தகத்தில் அட்டைப்படமாக வந்தது. அடியில் விவரம் எழுதியவர் என்று மௌசுமியின் பெயர் இருந்தது. விவரம் எழுதியது அவள்தான், அதில் தப்பு இல்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் என்னிடம்தான் ஓடிவந்தாள். “பாருங்க மாஷி, நம்ம காசு!” என்றாள். நம்ம என்ற அந்த வார்த்தையை நான் அன்றைக்கு முழுக்க வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது மழைக்காலத்தில் ஒருநாள் நியோகிபாபு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு நியூ டவுனில் மகன் ஃபிளாட்டுக்குப் போகிறவர். கையில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. திறந்தால் உள்ளே முழுக்க ஓட்டைக் காலணா. முன்னூறு இருக்கும். யுத்த காலத்தில் வந்த, நடுவில் பெரிய ஓட்டை உள்ள செப்புக் காசு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், கைப்பிடி கைப்பிடியாக வரும், சாதாவிலும் சாதா.

“இதை விக்க வரலை” என்றார் நியோகிபாபு. “எங்க பாபா யுத்த சமயத்துல காசு அடிக்கிற இடத்துல வேலை பார்த்தார். செம்பெல்லாம் குண்டு செய்யப் போயிடுச்சாம். காலணாவுக்குக்கூடச் செம்பு பத்தலை. அதான் நடுவுல ஓட்டை. அதுவும் போதாதுன்னு, மலிவான உலோகத்துல அடிச்சு மேலே செம்பு பூசிப் பார்த்தாங்களாம். நாலஞ்சு அடிச்சாங்க, சரியா வரலை, உருக்கிட்டாங்க. ஒண்ணு மட்டும் உருகலைன்னு பாபா சொல்வார். இந்த டப்பாலதான் இருக்குன்னு சொல்வார். எதுன்னு கடைசி வரைக்கும் சொல்லலை.”

பாபா என்றால் அப்பா. அப்படி அடித்துப் பார்த்த காசை நம் தொழிலில் பேட்டர்ன் என்பார்கள். புழக்கத்துக்கு வராதது, மாதிரிக்கு மட்டும் செய்தது. ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

“எங்க அண்ணன் என்ன சொல்றார் தெரியுமா? சின்னவனைத் தூங்கவைக்கப் பாபா விட்ட கதையாம். வீட்டைப் பிரிக்கும்போது இந்த டப்பாவை என் பக்கம் தள்ளி, உன் பாபாவோட பொக்கிஷம், நீயே வச்சுக்கன்னு சிரிச்சார். என்னமோ எனக்கு மட்டும் பாபா மாதிரி.” நியோகிபாபுவும் சிரித்தார். “இருந்தா காட்டுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எண்பது வயசு தாண்டின அண்ணன்கிட்ட சண்டை போடவா போறேன்? தெரிஞ்சா போதும். மத்தக் காசை நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க.”

மௌசுமியின் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. “இருந்தா படம் எடுத்துக் கட்டுரை எழுதலாமா? அப்பா பேரையும் போட்டு?”

“தாராளமா.”

அவளிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி உண்டு. காசில் வைத்து அழுத்தினால் என்ன உலோகம் என்று எழுத்து வரும். இரண்டு நாள் அதே வேலையாக இருந்தாள். எல்லாம் செம்பு. முன்னூறும் செம்பு. எனக்கு உள்ளுக்குள் கும்மாளமாக இருந்தது. மேலே பூசியிருந்தால் கருவி பூச்சைத்தானே பார்க்கும், இது படித்தவளுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரே ஒரு காசை எடுத்துக்கொண்டு என் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள்.

“மாஷி, மெஷின் செம்புன்னுதான் சொல்லுது. ஆனா இந்த ஓட்டையோட உள்பக்கம் பாருங்க, நிறம் ஒரு மாதிரி இருக்கு. எனக்குத் தெரியலை.” காசை நடுக் கிண்ணத்தில் போட்டாள். “நீங்க சொல்லுங்க.”

கிண்ணத்தைச் சாய்த்துக் காசு என் உள்ளங்கையில் விழுந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அது லேசாக இருந்தது. தேய்ந்த காசின் லேசு வேறு, விளிம்பு மெலிந்திருக்கும். இது விளிம்பு முழுசாக இருந்தும் லேசு. துத்தநாகம். மேலே செம்பு சட்டை போட்டுக்கொண்டு அத்தனை வருஷமும் கூட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறது. நியோகிபாபுவின் அப்பா சொன்னது நிஜம்.

ஓட்டைக் காசைச் சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. ஓட்டையில் நூலைக் கோத்துத் தொங்கவிட்டு நகத்தால் தட்டுவேன். செம்பு ணங்கென்று இழுக்கும், துத்தநாகம் டொக்கென்று நின்றுவிடும். நூல் என் மேசையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்துத் தட்டினால் மௌசுமிக்கும் கேட்டுவிடும்.

மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் எவ்வளவோ ஓடியது. இவள் கண்டுபிடித்தாள் என்பார்கள். முன்னூறில் ஒன்றைக் கண்ணாலேயே பிடித்துவிட்டாள் என்பார்கள். கட்டுரை வரும், பெயர் வரும், இனி நடுக் கிண்ணம் அவள் மேசைக்குப் போகும். அவளுக்கு வந்தது சந்தேகம்தான், தீர்த்தது என் கை. அதை யார் எழுதப் போகிறார்கள்?

“சாதா” என்றேன். காசை இடது கிண்ணத்தில் வைத்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “நிச்சயமா மாஷி?”

“தேய்ஞ்ச காசு.”

“சரி மாஷி” என்று எழுந்து போய்விட்டாள். நோட்டில் ஏதோ எழுதினாள்.

இருபது வருஷத்தில் என் கை தப்புப் பண்ணியிருக்கிறது. எல்லார் கையும் பண்ணும். அன்றைக்குக் கை சரியாகத்தான் சொன்னது. நான்தான் வேறு சொன்னேன். நீங்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் ஷிகா வந்தாள். துர்கா பூஜைக் கண்காட்சிகளில் பழைய காசுகளைக் கோத்து மாலை விற்கிற பெண். ஒவ்வொரு வருஷமும் இந்தச் சமயத்தில் சாதாக் காசுகளை அள்ளிக்கொண்டு போவாள். ஓட்டைக் காலணா என்றால் துளை போடுகிற வேலை மிச்சம், அவளுக்குக் கொண்டாட்டம். துணிப்பையில் கொட்டி நானே வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். நன்றாகவே கட்டினேன்.

அதற்கு மறுநாள் மத்தியானம் நியோகிபாபு வந்தார். மழையில் நனைந்திருந்தார். மௌசுமி எழுந்து நின்று சொன்னாள், “மன்னிச்சிடுங்க, எல்லாமே சாதாக் காசுதான்.”

“அப்படியா” என்றார். கொஞ்ச நேரம் குடையை மடக்குவதிலேயே இருந்தார். “அப்ப அண்ணன் சொன்னதுதான் சரி. நல்லா ஏமாத்தியிருக்கார் கிழவர்.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. காலி டப்பாவை மௌசுமி நீட்டியதும் வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பார்த்தார். பிறகு என் மேசை ஓரத்தில் வைத்தார்.

“இது இனிமே எனக்கு எதுக்கு? நீங்க ஊசி நூல் போட்டு வச்சுக்கோங்க மாஷி.”

அவர் படி இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. செத்துப்போன ஒரு மனுஷனை நான் பொய்யனாக்கி அனுப்பியிருக்கிறேன். மகன் கிழவனான பிறகும் நம்பிக்கொண்டிருந்த ஒன்றை, ஒரு சின்னப்பெண்ணின் பெயர் அச்சில் வரக் கூடாது என்பதற்காக.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. மெட்ரோவில் ஏறி டாலிகஞ்சில் இறங்கி, ஆட்டோவில் ஷிகா குடியிருக்கும் காலனி வாசலில் இறங்கி, தெரியாத ஆட்களிடம் வழி கேட்டேன். வழி கேட்பதென்றால் எனக்கு உயிர் போய் வரும். அன்றைக்கு ஐந்து பேரிடம் கேட்டேன்.

“ஐயோ மாஷி! நீங்களா!” ஷிகா கதவைத் திறந்ததும் கத்தினாள். “வாங்க வாங்க, வீடு வரைக்கும் வந்துட்டீங்களே. மாலைக்கு இப்பவே ஆர்டரா?”

“காசு எங்கே?”

“எந்தக் காசு?”

“நேத்து கொடுத்தது. ஓட்டைக் காலணா. கோத்துட்டியா?”

“இன்னும் இல்லை மாஷி. இன்னைக்குக் காலைலதான் ஊறப்போட்டேன். நீங்க சொல்லிக் கொடுத்த வைத்தியம்தான், புளி! லேக் மார்க்கெட்ல உங்க ஊர்க் கடையில போய் வாங்கினேன். தங்கம் மாதிரி ஆயிடும் பாருங்க.”

நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன் அவள் காசுகளில் அமிலம் ஊற்றிக் கை வெந்துபோய் வந்தபோது, புளி போதுமே என்று வாய் திறந்து சொன்னேன். சாதாக் காசுதானே, தோல் உரிந்தால் என்ன என்று. அதிசயமாக நான் பேசிய வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

கொல்லைப்பக்கம் சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. பழுப்புத் தண்ணீர். அடியில் காசுகள் பளபளக்க ஆரம்பித்திருந்தன. எல்லாம் அசையாமல் கிடக்க, ஓர் ஓரத்திலிருந்து மட்டும் சின்னச் சின்னக் குமிழிகள் நூல் பிடித்தது போல மேலே வந்துகொண்டிருந்தன. ஒரு காசு மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கையை முழங்கை வரை உள்ளே விட்டு அதை எடுத்தேன். மகுடம் இருந்த பக்கம் தப்பியிருந்தது. திருப்பினால், விளிம்பிலிருந்து ஓட்டை வரை செம்பு போய்விட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் துத்தநாகம், அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்துப்போயிருந்தது.

ஷிகா எட்டிப் பார்த்தாள். “ஐயே, இது என்ன மாஷி, அழுகின காசு?”

“காசு நல்ல காசுதான்” என்றேன். “நல்ல தண்ணி இருந்தா ஒரு சொம்பு கொடு.”

நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, உறையில் போட்டுக் கைக்குள் மூடிக்கொண்டு மெட்ரோவில் உட்கார்ந்தேன். ஆபீஸ் வருவதற்குள் ஒரு கதை தயாராகிவிட்டது. சாதா என்று சொன்ன பிறகு எனக்கே ஒரு சந்தேகம், மனசு கேட்கவில்லை, மழையென்று பார்க்காமல் தேடிப் போனேன். நல்ல கதை. இதைச் சொன்னால் காசைக் கண்டுபிடித்தவள் நான்தான். அந்த நிலையிலும் என் மனசு அதைத்தான் தேடியது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

மௌசுமி மேசையில் இருந்தாள். உறையைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். ஓட்டையின் உள்பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

“இதுதானே அது?” என்றாள். திருப்பிப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, “உங்களுக்குச் சந்தேகம் வந்து தேடிப் போனீங்களா மாஷி? இந்த மழையிலயா?” என்றாள்.

நான் மெட்ரோவில் தயார் பண்ணிய கதையை அவளே எடுத்து என் கையில் கொடுக்கிறாள். பேசக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். என்னை மாதிரி ஆட்களுக்குத் தலையாட்டுவது பழகிப்போன வேலை.

“இல்லை” என்றேன். “அன்னைக்கே தெரியும். கையில விழுந்ததுமே தெரியும்.”

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் திட்டுவாள் என்று நின்றேன். அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தாள். எனக்கு எண் படிக்கத் தெரியும். அந்தக் காசின் எடை எழுதியிருந்தது. அதே எண் மூன்று தடவை, ஒன்றின் கீழ் ஒன்றாக.

“நீங்க சாதான்னு சொன்னப்புறம் நிறுத்துப் பார்த்தேன். எடை ரொம்பக் கம்மி. தராசு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். பேட்டரி மாத்தினேன். திரும்ப நிறுத்தேன். அப்பவும் கம்மி.” அவள் என்னைப் பார்க்காமல் அந்த எண்களையே பார்த்துச் சொன்னாள். “நீங்க சாதான்னு சொன்னீங்களே. அதனால தராசை ரிப்பேருக்கு அனுப்பச் சொல்லி எழுதி வச்சிட்டேன்.”

பக்கத்துக் கடைசி வரியில் தராசு பழுது என்று வங்காளத்தில் எழுதியிருந்ததை அவள் விரல் வைத்துக் காட்டினாள். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. ஆனால் அது எது என்று தெரிந்தது. எனக்கு என்ன கிடைக்கவில்லை என்று அத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தேனோ, அது அந்த நோட்டில் அந்தப் பெண்ணின் கையெழுத்தில் இருந்திருக்கிறது.

போரோபாபுவிடம் அவள்தான் போய்ச் சொன்னாள். அவர் காசை வாங்கி இரண்டு பக்கமும் தடவினார். கண் மங்கியவர், விரலால் குழிகளை எண்ணுவது போல இருந்தது.

“நியோகிபாபுகிட்ட நான் பேசறேன்” என்றாள் மௌசுமி.

“வேண்டாம்” என்றார் போரோபாபு. “மாஷி பேசட்டும்.”

மறுநாள் நியோகிபாபு வந்து உட்கார்ந்தார். நான் வாடிக்கையாளர் முன்னால் நின்று பேசியதே இல்லை. புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். காசை வைத்தேன். இது துத்தநாகம், உங்கள் அப்பா சொன்ன காசு, எனக்கு முன்னமே தெரியும், தெரிந்து மறைத்தேன், அதனால் அரித்துப்போயிற்று, எல்லாம் சொன்னேன். ஊசி நூல் இல்லாத அந்தக் காலி டப்பாவையும் பக்கத்தில் வைத்தேன்.

அவர் காசைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஓட்டை வழியாகவே என்னைப் பார்த்தார்.

“ஏன் மறைச்சீங்க?”

அதற்குத் தமிழில் எனக்கு நிறைய வார்த்தைகள் இருக்கின்றன, வங்காளத்தில் ஒன்றுதான் வந்தது. “ஹிங்ஷே” என்றேன். பொறாமை. மௌசுமி அங்கேயேதான் நின்றிருந்தாள்.

நியோகிபாபு செல்போனை எடுத்தார். “அண்ணா? சாப்பிட்டாச்சா? மழையா அங்கே? சரி, கேளு. டப்பால அது இருந்துச்சு. ஆமா. கையிலதான் வச்சிருக்கேன். இல்லை, பாதி அரிச்சிருக்கு. நான் எங்கே அரிச்சேன்? நீ வந்து பாரு.” போனை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க அண்ணனுக்கும் உங்க வியாதிதான் மாஷி. பாபா இந்தக் கதையை என்கிட்ட மட்டும்தான் சொல்வார். அதான் அவருக்கு அது பொய்யா இருக்கணும்.”

காசை டப்பாவில் போட்டு மூடினார். ஒரே ஒரு காசு, நடக்கும்போது உள்ளே உருண்டு டொக் டொக்கென்று தட்டியது. வாசல் தாண்டும் வரை கேட்டது.

அவர் மன்னித்தார் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மௌசுமியின் கட்டுரை வரவில்லை. ஒரு பக்கம் முழுக்க அரித்த காசை வைத்துக்கொண்டு இது யுத்த காலத்தில் அடித்துப் பார்த்ததுதான் என்று பெரிய ஆட்களிடம் நிற்க முடியாது. யார் வீட்டிலோ பிற்பாடு செய்த போலி என்று ஒருவர் சொன்னால் முடிந்தது. முழுசாக இருந்த மூன்று நாளில் அதைப் பார்த்தது நானும் அவளும்தான். அவள் எடுத்து வைத்த படம் இன்னும் அவளுடைய கணினியில் இருக்கிறது. அவளுடைய முதல் கண்டுபிடிப்பு. அதன் பிறகு எவ்வளவோ கண்டுபிடித்துவிட்டாள், முதலாவது என்று ஒன்றுதானே இருக்க முடியும்.

அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. மாஷி என்றும் இல்லை. “இதைக் கொஞ்சம் பாருங்க” என்பாள், “உறை தீர்ந்துபோச்சு” என்பாள். பேச்சு மரியாதையாகவே இருந்தது, முன்னால் இருந்த அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை. அந்த வார்த்தை சின்னது என்று வருஷக்கணக்கில் குறைப்பட்டவள் நான். அது இல்லாமல் ஆபீசில் உட்கார்ந்திருந்தால் யாரோ முக்காலியை உருவிக்கொண்டது போல இருந்தது. எல்லாருடைய தெரியாத காசும் வந்து சேர்கிற என் நடுக் கிண்ணம் அவள் மேசைக்குப் போயிற்று. போரோபாபு தாமே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். வைக்கும்போது கை தவறி விளிம்பில் எனாமல் பெயர்ந்தது.

பூஜை விடுமுறை முடிந்து திறந்த அன்று, அவள் ஒரு காசோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். குந்தவில்லை, நின்றாள்.

“மாஷி” என்றாள். “இதைப் பிடிச்சுப் பாருங்க.”

வாங்கினேன். சாம்பல் நிறம், பழைய காசு, ஈயமா தகரமா, தேய்ந்ததா அப்படியே வார்த்ததா, என் கை ஒன்றுமே சொல்லவில்லை. எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. அவளுக்கு முன்னால் ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று உயிர் துடித்தது. எழுந்து போய் அவள் மேசையில் இருந்த நடுக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே பழக்கம். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. இப்போதும் அவள் பெயர் அச்சில் வந்த புத்தகம் கைக்கு வந்தால் முதலில் மூடி வைத்துவிடுவேன், அப்புறம்தான் திறப்பேன். காசு விஷயத்தில் கையை நம்புங்கள், கருவியை நம்புங்கள், தராசையும் நம்புங்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு எரிகிறதோ அவர் நீட்டுகிற காசை மட்டும், வாய் திறப்பதற்கு முன்னால், நூலில் கோத்து அவர் காது கேட்கத் தட்டுங்கள்.

விளிம்பு பெயர்ந்த அந்தக் கிண்ணம் இப்போது உங்களில் யார் மேசைக்கு வந்திருக்கிறதோ எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் உங்கள் மேலும் எனக்குப் பொறாமைதான். உங்கள் கை சொன்னதை நீங்கள் இன்னும் ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.